பாதி நிலாவைக் கேட்டவர்கள்

“அப்ப வேணும்னேதான் உடைச்சியா?”

“உடைக்கலைங்க. உடைஞ்ச மாதிரி செஞ்சேன். ரெண்டும் வேற வேற.”

“உனக்கு வேற. டாக்டருக்கு ரெண்டும் ஒண்ணுதான். அதான் திருப்பி அனுப்பிட்டார்.”

“அவர் பக்கமும் நியாயம் இருக்கு, இல்லேங்கல.”

அண்ணி இதைச் சொல்லிக்கொண்டே அண்ணன் தட்டில் இன்னொரு கரண்டி சோறு வைத்தாள். அண்ணன் லிஃப்ட் பழுது பார்ப்பவன். எந்தப் பேச்சையும் கடைசியில் லிஃப்டுக்குள் ஏற்றிவிடுவான்.

“இங்க பாரு. ரெண்டாம் மாடிப் பொத்தான் தேஞ்சு போச்சு, புதுசு போடுன்னு கூப்பிடறாங்க. நான் போய் அதே மாதிரி தேஞ்ச பொத்தான் ஒண்ணு செஞ்சு மாட்டிட்டு வந்தா என்ன சொல்வாங்க?”

“உன்னைப் படிக்கட்டுல இறங்கிப் போகச் சொல்வாங்க” என்றேன் நான்.

“நீ சாப்பிடு மேகம்” என்றான் அண்ணன்.

மேகம் என் பெயர் இல்லை. எதைச் சொன்னாலும் கேட்டுக்கொண்டே வேறெங்கோ மிதந்துகொண்டிருப்பேன் என்று அண்ணி வைத்தது. அவள் இந்த வீட்டுக்கு வந்த கொஞ்ச நாளிலேயே என் சொந்தப் பெயரை எல்லோரும் மறந்துவிட்டார்கள். நகலெடுக்கும் கடையில் எனக்கு வேலை. இயந்திரம் தாள் தள்ளும் நேரத்தில் மொழிபெயர்ப்பு நாவல் படிப்பேன். இந்த ஊரைத் தாண்டிப் போனதில்லை. ஆனாலும் எத்தனையோ துறைமுகங்களில் மழைக்கு ஒதுங்கியிருக்கிறேன்.

அண்ணியின் வேலை பல் செய்வது. ஒரு பல் லேபில், ஜன்னல் ஓர மேசையில், தூரிகையும் செராமிக் பொடியுமாக அவள் உட்கார்ந்திருப்பாள். ஆட்களை அவள் பார்ப்பதே இல்லை. டாக்டர்களிடமிருந்து மாவுக்கல் என்கிற ஜிப்சக் கலவையில் வார்த்த பல்வரிசை வரும். கூடவே ஒரு சீட்டு, அதில் ஓர் எண், எந்தப் பல், என்ன நிறம், அவ்வளவுதான். அண்ணி அந்த இடத்துக்கு ஒரு பல்லை அடுக்கு அடுக்காக வளர்த்து, சூளையில் சுட்டு, பளபளப்பாக்கி அனுப்புவாள். அது யார் வாய்க்குள் போய்ச் சிரிக்கிறது என்று அவளுக்குத் தெரியாது.

இந்த முறை வந்தது மேல்வரிசை முன்பல் இரண்டில் ஒன்று. இடது பல் உடைந்துபோய், அதற்கு கேப் போட வேண்டும். வலது பல் நன்றாகத்தான் இருந்தது. ஆனால் இடது பல்லைத் தொடும் மூலையில் வளைவாக ஒரு தேய்வு. அண்ணி அதை விரலால் தடவிப் பார்த்திருக்கிறாள். வருஷக்கணக்காக நூலைக் கடித்தால் வருகிற தேய்வு. வளைவு அங்கே முடியவில்லை, பாதியில் நின்றிருந்தது. மீதிப் பாதி உடைந்த பல்லோடு போயிருக்க வேண்டும். அண்ணி என்ன செய்தாள் என்றால், அந்த மீதியைப் புதுப்பல்லில் செய்துவிட்டாள். சீட்டில் ‘விளிம்பு நேராக’ என்று தெளிவாக எழுதியிருந்தது.

“செராமிக்ல பள்ளம் விட்டா விரிசல் அங்கிருந்துதான் ஆரம்பிக்கும்னு டாக்டர் சொன்னாராம். சரிதான். வேற ஒண்ணு நேரா செஞ்சு குடுத்தாச்சு.”

“அப்ப இது?” என்றேன்.

அண்ணி கைப்பையைத் துழாவி ஒரு மாத்திரை டப்பாவை எடுத்தாள். மூடியைத் திறந்து என் உள்ளங்கையில் கவிழ்த்தாள். சின்னது. ஆனால் உயிரோடு இருப்பது போல ஈரமாகத் தெரிந்தது. மூலையில் அந்த வளைவு. யாரோ நிலாவைக் கொஞ்சம் கடித்துப் பார்த்தது போல.

“அண்ணி, இதை எழுதுங்க.”

“எதை, நான் வாங்கின திட்டையா?”

“எல்லாத்தையும்.”

“எழுதறேன். ஆனா நீ இதுல பனி பெய்ய வைக்கக் கூடாது. ரயிலும் வரக் கூடாது.”

“போன தடவை ஒரே ஒரு ரயில்தான் கேட்டேன்.”

“உன் புஸ்தகத்துல எல்லாரும் ரயில்ல ஏறித்தான் அழறாங்க. எங்க ஊர்ல பஸ்லயே அழலாம்.”

அண்ணி எழுதுவது ஒரு மடல். ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் மின்னஞ்சலில் போகும். ‘பல்லிடுக்கு’ என்று பெயர். முதலில் அது வெளியூரில் வேலை பார்க்கும் தன் தங்கைக்கு அவள் எழுதிய கடிதம்தான். தங்கை தன் அறைத்தோழிக்குக் காட்டினாள். தோழி தன் மாமாவுக்கு அனுப்பினாள். அப்படி வாய்க்கு வாய் பரவி, இப்போது நூறு பேருக்குக் கொஞ்சம் குறைவாகப் படிக்கிறார்கள். அனுப்புவதும் சந்தாக்காரர் பட்டியலைப் பார்த்துக்கொள்வதும் என் பொறுப்பு. பதில் எழுதுபவர்கள் பெரும்பாலும் இரண்டு பேர்தான். ஒன்று தங்கை. இன்னொன்று ஓய்வுபெற்ற கணக்கு வாத்தியார் ஒருவர். அவர் யாரென்று எங்களுக்குத் தெரியாது. ஒவ்வொரு மடலிலும் ஒரு தப்பு கண்டுபிடித்து எழுதுவார், அன்போடு.

அந்த ஞாயிறு அண்ணி எழுதியதில் ஒரு பகுதி இது:

“பல் செய்கிறவளுக்கு முகம் கிடையாது. கண் இல்லை, மூக்கு இல்லை, பெயர் இல்லை. திறந்த வாய் ஒன்று மட்டும் மேசைக்கு வரும். அதை வைத்துக்கொண்டு அந்த ஆளோடு ஒரு நாள் குடித்தனம் நடத்த வேண்டும். இந்த வாய்க்காரர் நூல் கடிக்கிறவர். தையற்காரராக இருப்பார். கத்தரிக்கோல் எட்டுகிற தூரத்தில்தான் இருந்திருக்கும். ஆனாலும் பல் அதைவிடக் கிட்டே. எத்தனை சட்டை, எத்தனை கீழ்த்தையல், எத்தனை அவசரம்! எல்லாம் சேர்ந்து இரண்டு பல்லுக்கும் நடுவில் ஒரு பாதி நிலாவைத் தோண்டியிருக்கின்றன. ஒரு பல் உடைந்ததும் அந்த நிலாவும் பாதியானது. நான் அதைச் சேர்த்து வைக்கப் பார்த்தேன். அது என் வேலை இல்லை. என் வேலை நேராகச் செய்வது. நேராகவே செய்து கொடுத்துவிட்டேன். அந்த ஆள் இன்றைக்கு நூலைக் கடிக்கப் போகும்போது, பல் தன் பழைய இடத்தைத் தேடும். அந்த ஒரு நொடிக்கு மட்டும் என்னை மன்னிக்க வேண்டும்.”

நான் ஒரு எழுத்தையும் மாற்றாமல் அனுப்பினேன். பனி பெய்யவில்லை. ஆனாலும் படித்தபோது எனக்குக் குளிர்ந்தது.

மறுநாள் கடையில் ஒரு கட்டுத் தாள் நகலாகிக்கொண்டிருந்தபோது பார்த்தேன். பதில்கள் வந்திருந்தன. தங்கை இல்லை, வாத்தியார் இல்லை. முன்பின் தெரியாதவர்கள். சாயங்காலம் அண்ணி பாத்திரம் கழுவ, நான் சமையலறை வாசலில் நின்று ஒவ்வொன்றாகப் படித்துக் காட்டினேன்.

ஒரு நர்ஸ் எழுதியிருந்தாள்: “என் முன்பல் இரண்டுக்கும் நடுவில் ஒரு சந்து. கல்யாணப் போட்டோவில்கூட வாயைத் திறக்கவில்லை. உங்கள் மடலைப் படித்துவிட்டு, அந்தச் சந்து வழியாகச் சீட்டியடித்துப் பார்த்தேன். வருகிறது! வார்டே திரும்பிப் பார்த்தது. ஒரு தாத்தா பதிலுக்கு அடித்தார்.”

அண்ணி குழாயை மூடினாள். “இன்னொரு தடவை படி.”

ஒரு லாரி ஓட்டுநர்: “என் மகள் போனில் படித்துக் காட்டினாள். பாதியில் வண்டியை ஓரம் கட்டிவிட்டுக் கேட்டேன் அம்மா. நான் சும்மாவெல்லாம் வண்டியை ஓரம் கட்டுகிற ஆள் இல்லை.”

பள்ளிக்கூடப் பெண் ஒருத்தி: “எனக்குப் பல்லுக்குக் கம்பி கட்டியிருக்காங்க. கழட்டினா என் பல்லும் எல்லார் பல் மாதிரி ஆயிடும்னு இப்ப பயமா இருக்கு. உங்களாலதான். தேங்க்ஸ்.”

“அய்யோ, அவங்க அம்மா என்னை உதைக்கப் போறாங்க” என்றாள் அண்ணி. ஆனால் சிரித்தாள்.

கணக்கு வாத்தியார் வழக்கம் போல்: “ஒரு திருத்தம். ஒவ்வொரு பல்லிலும் இருப்பது கால் வட்டம். இரண்டும் சேர்ந்தால்தான் அரை வட்டம், அதாவது நீங்கள் சொல்லும் பாதி நிலா. ஆகவே தங்கள் டப்பாவில் இருப்பது பாதி நிலாவின் பாதி. மற்றபடி இதை நான் திரும்பத் திரும்பப் படித்தேன். ஏன் என்று நிறுவ முடியவில்லை.”

ஒருவர் மட்டும், “இதெல்லாம் ஒரு விஷயமா? என் பெயரை எடுத்துவிடவும்” என்று எழுதியிருந்தார். “பாவம், எடுத்துடு மேகம்” என்றாள் அண்ணி. எடுத்தேன். அடுத்த நாள் அதே முகவரியிலிருந்து, ஒரு வார்த்தை இல்லாமல், மறுபடி சந்தா வந்தது.

அண்ணன் ஹாலில் நாற்காலியைச் சாய்த்துக்கொண்டு எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தான். அவனுக்கு ஒரு கோணப்பல் உண்டு. திடீரென்று, “ஏன், என் பல்லைப் பத்தி ஒரு நாளும் எழுதத் தோணலையா உனக்கு?” என்றான்.

“கட்டின நாள்லேருந்து பாத்துக்கிட்டே இருக்கேன். புதுசா என்ன எழுத?”

“அதான, ஊரார் பல்லுதான் பல்லு.”

“சரி, நாளைக்கு வாயைத் திறந்துக்கிட்டுப் படுங்க. அச்செடுக்கறேன்.”

புதன்கிழமை வேறு மாதிரிப் பதில்கள் வர ஆரம்பித்தன. முதலாவது ஒரு தையற்காரி: “நூலைக் கடிக்காதே, பல் போயிடும்னு மாமியார் சொல்லிட்டே இருப்பாங்க. போன வாரம்தான் முன்பல்லுக்கு கேப் போட்டேன். அது நான்தானே? சொல்லுங்க, நான்தானே?”

அண்ணியின் கையில் இருந்த டம்ளர் அப்படியே நின்றது. நாங்கள் இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம். ஒரு வாய்க்கு முகம் கிடைத்துவிட்டது என்று எனக்கு உடம்பெல்லாம் சிலிர்த்தது.

அது வியாழக்கிழமை வரைதான். வியாழக்கிழமை அழகு நிலையத்திலிருந்து ஒரு பெண் எழுதினாள், கொண்டை ஊசியைப் பல்லால் பிரித்துப் பிரித்து வந்த தேய்வு அது, நிச்சயம் தன்னுடையது என்று. சாயங்காலம் ஒரு எலெக்ட்ரீஷியன்: “மேடம், தப்பா ஊகிச்சிட்டீங்க. நான் தையற்காரன் இல்ல. ஒயர் தோலைப் பல்லாலதான் உரிப்பேன். ஆனா பல் என்னோடதுதான். சந்தேகமே வேணாம்.” அதற்குப் பிறகு விதை கொறிக்கும் காவலாளி ஒருவர்.

“அண்ணி, ஒரே பல்லுக்கு நாலு வாய்” என்றேன்.

“இருக்கட்டும் மேகம். ஏதோ ஒண்ணு நிஜமா இருக்கும்.”

வெள்ளிக்கிழமை அண்ணி நேரம் கழித்து வந்தாள். வந்ததும் கைகால் கழுவவில்லை, புடவைத் தலைப்பில் மாவுக்கல் தூசியோடு அப்படியே ஹாலில் உட்கார்ந்துவிட்டாள். அண்ணன் தண்ணீர் கொண்டு வந்தான். குடித்துவிட்டுச் சொன்னாள்.

“சார் கூப்பிட்டார்.”

சார் என்பது லேப் முதலாளி. அவருக்கு இரண்டு வரிசையும் பல்செட். கோபம் வந்தால் அது ‘டக்’ என்று ஒரு சத்தம் போடும். ‘இன்னைக்கு எத்தனை டக்?’ என்றுதான் லேபில் ஒருவரையொருவர் விசாரித்துக்கொள்வார்களாம்.

“எத்தனை டக்?” என்றேன் பயந்துகொண்டே.

“எண்ணல.”

மடலைப் படித்த ஆட்கள் சும்மா இருக்கவில்லை. சமீபத்தில் கேப் போட்டுக்கொண்டவர்கள் அவரவர் டாக்டருக்குப் போன் செய்து, ‘என் நிலாவை ஏன் திருப்பி அனுப்பினீங்க?’ என்று கேட்டிருக்கிறார்கள். சம்பந்தமே இல்லாத ஒரு டாக்டர் குழம்பிப்போய், தன்மேல் யாரோ கதை கட்டுகிறார்கள் என்று லேபுக்குப் போன் போட்டிருக்கிறார். சம்பந்தப்பட்ட டாக்டரும் போட்டிருக்கிறார். அந்தப் பல்லுக்கு நிஜமாகவே சொந்தமான ஆள் மட்டும் யாருக்கும் போன் செய்யவில்லை. அந்த ஆளுக்கு எதையும் படிக்கிற வழக்கமே இல்லை என்று அந்த டாக்டரே சொன்னாராம்.

“அப்ப நாலு பேருமே இல்லையா?” என்றேன்.

“நாலு பேருமே இல்ல.” அண்ணி டம்ளரைத் தரையில் வைத்தாள். “சார் சொல்றது என்னன்னா, டாக்டர் நம்மள நம்பி ஒருத்தர் வாயை அனுப்பறார். அதைத் தெருவுல விரிச்சு வைக்கறதுக்கு நாம யாருங்கறார். இந்த ஞாயித்துக்கிழமை ஒரு வரி போடணுமாம். ‘போன மடல்ல எழுதின பல் என் கற்பனை, அப்படி ஒரு பல்லே இல்ல’ன்னு. போட்டா இத்தோட விட்டுடுவாராம். இல்லேன்னா ஒண்ணு மடல், இல்ல வேலை.”

“ஒரு வரிதானே, போட்டுட்டுப் போயேன்” என்றான் அண்ணன். “பல்லைக் கடிச்சுக்கிட்டு எழுதிடு.”

“இருக்கறதை இல்லன்னு எழுதணுங்க.”

“கதை எழுதறவங்க எல்லாரும் அதைத்தான் செய்றாங்க அண்ணி” என்றேன். “இல்லாததை இருக்குன்னு. நீங்க அதைத் திருப்பிச் செய்யப் போறீங்க, அவ்வளவுதான். அது பொய்யில சேராது.”

“நான் கதை எழுதலையே மேகம். உன் ஆளுங்க எழுதறாங்க. நான் தங்கச்சிக்குக் கடிதம் எழுதறேன், கூடப் பத்துப் பேரு எட்டிப் பாக்கறாங்க.”

அந்த வேலையும் வேண்டும், இந்த மடலும் வேண்டும் அவளுக்கு. பகலெல்லாம் முகம் இல்லாத வாய்களோடு இருந்துவிட்டு, ஞாயிற்றுக்கிழமை ஒரு நாள் முகம் தெரியாத ஆட்களோடு பேசுவதில்தான் அவள் வாரம் நேராகிறது. இது எனக்குத் தெரியும். ஞாயிற்றுக்கிழமைகளில் அவள் நடையே வேறு.

சனிக்கிழமை லேப் அரை நாள்தான். அண்ணி போய்விட்டு வருவதற்குள் மடலை நான் தயாராக வைக்க வேண்டும் என்று பேச்சு. காலையில் சமையலறை மேசையில் மடிக்கணினியைத் திறந்து, ஒற்றை விரலால் அந்த வரியை அடித்தாள். ‘போன மடலில் நான் எழுதிய பல்…’ அதோடு நிறுத்திவிட்டு, “புதுசா ஏதாவது வந்திருக்கா பாரு” என்றாள், தலையை நிமிர்த்தாமல்.

வந்திருந்தது. தையற்காரிதான், மறுபடி.

“யார்கிட்டயும் சொல்லாதீங்க அக்கா. அது என் பல் இல்லை. கேப் போட்டது என் தங்கச்சிக்கு, அதுவும் கடைவாயில. எனக்குத் தேய்வு மட்டும்தான் இருக்கு. நீங்க எழுதினதைப் படிச்சப்ப, யாரோ என் வாயை மேசைமேல வச்சுக்கிட்டு, ‘இவ எத்தனை சட்டை தைச்சிருப்பா’ன்னு யோசிச்சுப் பாத்திருக்காங்கன்னு தோணுச்சு. அந்த நாள் பூரா மிஷின் சத்தமே பாட்டு மாதிரி இருந்துச்சு. அதை விட மனசில்லாமதான் என்னோடதுன்னு சொல்லிட்டேன். கோவிச்சுக்காதீங்க.”

நான் படித்து முடித்தேன். வெளியே யாரோ மிதிவண்டி மணியை அடித்துக்கொண்டு போனார்கள். அந்த மணியையும் அந்தக் காலை வெளிச்சத்தையும் ஒரு நாவலில் வைத்தால் எந்தப் பக்கத்தில் வைக்கலாம் என்று யோசித்தேன். அப்புறம் அண்ணியின் விரலைப் பார்த்தேன். அது அடித்த வரியை ஒவ்வொரு எழுத்தாக அழித்துக்கொண்டிருந்தது.

“இப்ப இவகிட்ட போய் அப்படி ஒரு பல்லே இல்லன்னு சொல்லணுமா நான்?” என்றாள்.

பிறகு வேகமாக, எழுத்துப் பிழைகளோடு, அடித்தாள். முடித்ததும் என்னைப் பார்த்தாள். “இதைத் தாள்ல எடுத்துக் குடு. அனுப்பறதுக்கு முன்னாடி சார்கிட்ட காட்டணும். நீயும் வா.”

“நான் எதுக்கு அண்ணி?”

“நீ பக்கத்துல நின்னா நான் அழமாட்டேன். உன்னைப் பாத்தா சிரிப்புதான் வரும்.”

மதியம் கடையில் ஒரு மணி நேரம் அனுமதி கேட்டுக்கொண்டு லேபுக்குப் போனேன். லேபை அன்றைக்குத்தான் முதல் தடவை பார்க்கிறேன். படிகத்தில் செய்த அறை மாதிரி ஏதோ கற்பனை செய்து வைத்திருந்தேன். உள்ளே எல்லாவற்றின்மேலும் மாவுத்தூசி. நாற்காலி, ஜன்னல் கம்பி, சுவர்க் கடிகாரம், ஒன்றும் மிச்சமில்லை. மெழுகு உருகிய வாசனை. பளபளப்பாக்கும் சக்கரம் அப்போதுதான் நின்று, கடைசிச் சுற்றைச் சுற்றிக்கொண்டிருந்தது. ஒரு சுவர் முழுக்க அலமாரி. அதில் வரிசை வரிசையாகத் திறந்த வாய்கள். அத்தனை வாய் இருந்தும் ஒரு சத்தமில்லை. அவற்றுக்கு நடுவில்தான் அண்ணி வாரம் முழுக்க உட்கார்ந்திருக்கிறாள், அவை சொல்லாததைக் கேட்டுக்கொண்டு.

மற்றவர்கள் கிளம்பிக்கொண்டிருந்தார்கள். முதலாளி உள்ளறையில் இருந்தார். பெரிய உடம்பு, சின்ன மூக்குக்கண்ணாடி.

“இது யாரு?”

“என் நாத்தனார் சார்.”

“சாட்சிக்கா?”

“துணைக்கு சார்.”

“நான் என்ன கடிச்சா தின்னுடப் போறேன்? அதுக்குக்கூட இரவல் பல்லுதான்.” சிரிக்கவில்லை. கையை நீட்டினார். அண்ணி தாளைக் கொடுத்தாள். அவர் உதடு அசைய, மெல்ல, ஒரு சொல்லையும் தாண்டாமல் படித்தார். அதில் இருந்தது இதுதான்:

“போன மடலில் எழுதிய பல் இருக்கிறது. அது யாருடையது என்று எனக்குத் தெரியாது. தெரிந்தாலும் சொல்ல எனக்கு உரிமை இல்லை. என்னுடையது என்று நான்கு பேர் எழுதினீர்கள். நான்கு பேரையும் நம்புகிறேன். ஆனால் அதற்கு நிஜமாகவே உரியவரை நான் கேட்கவில்லை. தூங்குகிறவர் முகத்தை வரைந்துவிட்டு ஊரைக் கூட்டிக் காட்டியது போன்ற காரியம். அவர் விழித்து, ‘என்னை ஏன் வரைந்தாய்?’ என்றால் என்னிடம் பதில் இல்லை. அதனால் இனிமேல், உரியவர் தானாக வந்து ‘என்னுடையதை எழுது’ என்று சொன்னால் தவிர, இங்கே யார் பல்லும் வராது. யாரும் வராவிட்டால் என் சூளையைப் பற்றி எழுதுவேன். பஸ்ஸில் பக்கத்தில் உட்கார்ந்தவரைப் பற்றி எழுதுவேன். ‘அவரும்தானே தூங்கிக்கொண்டிருக்கிறார்?’ என்று மேகம் கேட்பாள். யோசித்துக்கொண்டிருக்கிறேன்.”

‘டக்’ என்று ஒரு சத்தம் கேட்டது. நான் அண்ணியின் புடவைத் தலைப்பைப் பிடித்துக்கொண்டேன்.

“நான் சொன்ன வரி இதுல இல்லையே.”

“இல்ல சார்.”

“நாலு பேரையும் நம்பறேன்னு போட்டிருக்கே. நாலு பேரும் பொய்.”

“தெரியும் சார். ஒருத்தி அவளே ஒத்துக்கிட்டா.”

“அப்புறம் என்ன நம்பிக்கை?”

“அவங்க பல்லைப் பத்தித்தான் பொய் சொன்னாங்க சார்” என்றாள். “மத்தது நிஜம்.”

அவர் தாளை மேசைமேல் வைத்து, ஓரங்களை விரலால் நேராக்கினார். வெளியே கடைசி ஆள் கதவைச் சாத்திக்கொண்டு போகும் சத்தம் கேட்டது.

“இதை அனுப்பலாமா சார்?” என்றாள் அண்ணி. “அனுப்பக் கூடாதுன்னா மடலை நிறுத்திடறேன். அந்த ஒரு வரி மட்டும் என்னால முடியாது.”

அவர் நாற்காலியைத் தள்ளிக்கொண்டு எழுந்தார். “டாக்டர் உன் மடலை அனுப்பி வச்சப்ப அந்த ஒண்ணைத்தான் படிச்சேன்” என்றார், முதுகைக் காட்டிக்கொண்டு. “அப்புறம் என் வீட்டுக்காரி பழசெல்லாம் எடுத்துக் குடுத்தா. அவ எப்பவோ சந்தாவாம். என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லல. நீ சூளையைப் பத்தி எழுதினது, மெழுகு வாசனை பத்தி எழுதினது… இத்தனை வருஷம் இதே ரூம்லதான் இருக்கேன்.”

அலமாரியின் அடித்தட்டில் கையை விட்டு எதையோ தேடினார். எடுத்து வந்து, வேட்டி நுனியால் தூசியைத் துடைத்து, அண்ணி எதிரே வைத்தார். பழைய அச்சு. மாவுக்கல் மஞ்சளாகிப்போயிருந்தது. பற்கள் நெருக்கியடித்துக்கொண்டு, ஒரு கோரைப்பல் மட்டும் வரிசைக்கு வெளியே வந்து எட்டிப் பார்த்துக்கொண்டு.

“தொழில் கத்துக்கறப்ப ஆளுக்கு ஒரு வாய் வேணும்னு சொன்னாங்க. எனக்கு என் வாய்தான் கிடைச்சுது. இதுல இருக்கறதுல ஒண்ணுகூட இப்ப கிடையாது. பல்லு போனா சொல்லு போச்சும்பாங்க. எனக்கு ரெண்டும் போச்சு, இந்தக் கல்லுதான் மிச்சம்.”

அண்ணி தன்னையறியாமல் கையை நீட்டி அதை எடுத்தாள். கட்டை விரல் விளிம்போடு மெல்ல ஓடியது. அந்த வெளியே வந்த பல்லருகே நின்றது. திரும்பி வந்தது. மறுபடி நின்றது. அவர் அந்த விரலையே பார்த்துக்கொண்டிருந்தார். அவ்வளவு பெரிய மனிதர், ரிசல்ட்டுக்குக் காத்திருக்கும் பையன் மாதிரி நின்றார்.

“உரியவர் தானா வந்து சொன்னா எழுதுவேன்னு போட்டிருக்கியே” என்றார். குரல் இறங்கியிருந்தது. பல்செட் சத்தமே போடவில்லை. “இந்தப் பையன் எப்படிச் சிரிச்சான்னு எனக்கே மறந்து போச்சும்மா. நீ பாத்து எழுதறியா?”